கரையைக் கூட்டியாச்சு, கடலடியை யார் கூட்டுவது? மன்னார் வளைகுடாவில் பவளத்தின் மேல் கிடக்கும் வலைகள்

கடற்கரைத் தூய்மைப் பணி என்றதும் நம் கண்முன்னே வருவது ஒரு புகைப்படம். ஒரே நிறத்தில் டி-ஷர்ட், கையுறை, பெரிய சாக்கு, சாக்கு நிறைய தண்ணீர் பாட்டிலும் கேரி பேக்கும். சனிக்கிழமை காலையில் ரெண்டு மணி நேரம் பொறுக்கினால் கரை பளிச்சென்று ஆகிவிடும். நல்ல வேலைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பிளாஸ்டிக் கரையோடு நிற்பதில்லை. கரையில் ஒதுங்குவதும் மேலே மிதப்பதும் கண்ணுக்குத் தெரிகிற பங்கு மட்டும்தான். மீதி எங்கே போகிறது என்ற கேள்விக்கு விஞ்ஞானிகள் கடந்த சில ஆண்டுகளில் சொல்லிவரும் பதில்: பெரும்பகுதி கீழே போய்விடுகிறது. கடலின் தரைக்கு.

அப்படிக் கீழே போன குப்பை, சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட ஒரு கடல் பகுதியில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க நாம் எங்கோ வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இருக்கிற மன்னார் வளைகுடாவே போதும்.

21 தீவு, 560 சதுர கிலோமீட்டர்

1986-ல் தமிழ்நாடு அரசு இந்தப் பகுதியைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. கரையில் இருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், சுமார் 140 கிலோமீட்டருக்கு வரிசையாக 21 சின்னச் சின்னத் தீவுகள். முயல் தீவு, மனோலி, குருசடை, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காரைச்சல்லி, வான் தீவு என்று பெயர்களே அழகாக இருக்கும். இதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை, மூழ்கிவிட்டன. தீவுகளைச் சுற்றி ஆழமில்லாத கடலில் பவளப்பாறைகளும் கடல்புல் வெளிகளும். மீனவர்கள் பாறைத் திட்டுகளை 'பார்' என்பார்கள்.

பூங்காவின் எல்லையை வகுத்த விதம் சுவாரஸ்யமானது. கரையைப் பார்த்த பக்கம் மூன்றரை பாகம் ஆழம் வரை, ஆழ்கடல் பக்கம் ஐந்து பாகம் வரை. ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், ஏறக்குறைய ஆறு அடி. அதாவது, 20 முதல் 30 அடி ஆழத்துக்குள் அடங்குகிற கடல்தான் தேசியப் பூங்கா. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1989-ல் இதைச் சுற்றியுள்ள 10,500 சதுர கிலோமீட்டரும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இங்கே 117 வகை கல் பவளங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே நிறுவனம்தான் இந்தப் பவளங்களின் மேல் என்னென்ன குப்பை கிடக்கிறது என்று தீவு தீவாக இறங்கிக் கணக்கெடுத்தது. 2020-ல் வெளியான அந்த ஆய்வின்படி, குப்பை மூடிய பரப்பு ஆயிரம் சதுர மீட்டரைத் தாண்டுகிறது. அதில் முதலிடம் பாட்டிலுக்கும் இல்லை, கேரி பேக்குக்கும் இல்லை. கைவிடப்பட்ட மீன்பிடி வலைகளுக்கு.

560 சதுர கிலோமீட்டரில் ஆயிரம் சதுர மீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால் 560 முழுக்கப் பவளம் இல்லை. பவளம் இருப்பது அதில் ஒரு சிறு பங்கில். அதுவும் ஏற்கெனவே அடிபட்ட பவளம். சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்தது பல பத்தாண்டுகள் நடந்தது. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி பவளங்கள் வெளிறிப்போயின, நிறைய செத்தும் போயின. மிச்சம் இருப்பதன் மேல்தான் வலை விழுகிறது. அதோடு, வலை கண்ட இடத்தில் விழுவதில்லை. எங்கே பாறை துருத்திக்கொண்டு நிற்கிறதோ அங்கேதான் மாட்டும். பவளம்தான் துருத்திக்கொண்டு நிற்பது.

பிளாஸ்டிக் மிதக்கும்தானே?

பாதி சரி. ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1.025 கிலோ எடை. இதைவிட லேசான பொருள் மிதக்கும், கனமானது மூழ்கும். கேரி பேக், ஷாம்பு டப்பா, பாட்டில் மூடி எல்லாம் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் வகை. இவை லிட்டருக்கு 0.9-இல் இருந்து 0.96 கிலோ வரைதான் வரும், அதனால் மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் 1.38. மூடி போட்டு காற்று அடைத்திருக்கும் வரை பாட்டில் மிதக்கும், மூடி கழன்றால் கீழே போய்விடும். வலை பின்னும் நைலான் 1.14. அது முதல் நாளே மூழ்கும். மூழ்கணும் என்பதற்காகத்தான் அதன் அடிக்கயிற்றில் ஈயக் குண்டும் கட்டுகிறார்கள்.

சரி, மிதக்கிற கேரி பேக் மிதந்துகொண்டே இருக்குமா என்றால், அதுவும் இல்லை. தண்ணீரில் விழுந்த எதன் மேலும் சில நாட்களில் வழுவழுவென்று பாசி படியும். அப்புறம் சிப்பி, கொட்டலசு, கடல் புழு என்று ஒவ்வொன்றாகக் குடியேறும். எடை கூடக்கூட பை கீழே இறங்கும். உலகக் கடல்களின் மேற்பரப்பில் மிதக்கும் பிளாஸ்டிக்கைக் கணக்கிட்டால், நாம் கடலுக்குள் அனுப்பியதில் மிகச் சிறிய பங்குதான் வருகிறது. 'காணாமல் போன பிளாஸ்டிக்' என்று விஞ்ஞானிகள் பல வருஷமாகத் தேடியது இதைத்தான்.

2024-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய அறிவியல் ஆய்வு அமைப்பும் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு மதிப்பீடு வெளியிட்டன. கடல் தரையில் கிடக்கும் பெரிய பிளாஸ்டிக் பொருட்கள் 30 லட்சம் முதல் 1 கோடியே 10 லட்சம் டன் வரை இருக்கலாம் என்று. இந்த எண்ணை அப்படியே தலைப்பாகப் போட்டால் விஷயத்தைத் தவறவிடுவோம். அந்த ஆய்வில் முக்கியமான வரி வேறு: இதில் 46 சதவீதம் 200 மீட்டருக்குக் குறைவான ஆழத்தில் இருக்கிறது. நாம் நினைப்பது போல அது யாருக்கும் எட்டாத பெருங்கடல் பள்ளத்தில் போய் ஒளிந்துகொள்ளவில்லை. கரைக்குப் பக்கத்திலேயே, மீன் பிடிக்கிற, பவளம் வளர்கிற ஆழத்திலேயே கிடக்கிறது. (பள்ளத்திலும் இருக்கிறது என்பது வேறு விஷயம். மரியானா அகழியில் 10,898 மீட்டர் ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை ஜப்பானிய ஆய்வுக்கலத்தின் கேமரா 1998-லேயே படம் பிடித்துவிட்டது.)

எங்கிருந்து வருகிறது?

வைப்பாறும் குண்டாறும் தாமிரபரணியும் மன்னார் வளைகுடாவில்தான் கலக்கின்றன. மழைக்காலத்தில் ஊர்க் குப்பை வாய்க்கால் வழியாக ஆற்றுக்கும், ஆற்றில் இருந்து கடலுக்கும் வரும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியதே, அந்த வெள்ளம் எதையெல்லாம் அடித்துக்கொண்டு கடலில் இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீரோட்டமும் சும்மா இருக்காது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் இருந்து பாம்பன் வழியாக மன்னார் வளைகுடாவுக்குத் தண்ணீர் தள்ளும். கச்சான் காலத்தில் எதிர்த்திசை. ஆகவே இந்தத் தீவுகளுக்கு வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பக்கத்தில் இருந்து குப்பை வந்துகொண்டே இருக்கும். கப்பல் விபத்தும் சேர்ந்துகொள்கிறது. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியபோது, அதில் இருந்த பிளாஸ்டிக் குருணைகள் நம்ம கன்னியாகுமரி கரையில் ஒதுங்கியது நினைவிருக்கலாம்.

ஆனால் இதெல்லாம் மிதந்து வருவது. பவளத்தின் மேல் அதிகமாகக் கிடப்பது வலை என்றால், கதை அங்கேதான்.

ஒரு வலை எப்படித் தொலைகிறது

உலக அளவில் பேசும்போது வருஷத்துக்கு 6.4 லட்சம் டன் மீன்பிடிக் கருவிகள் கடலில் தொலைகின்றன என்று ஒரு எண் சுற்றும். வாட்ஸ்அப்பில் இருந்து அரசு விளக்கக் குறிப்பு வரை எல்லா இடத்திலும் இருக்கும். அதன் அடித்தளம் பலவீனமானது. 1970-களில் கடல் குப்பை மொத்தம் எவ்வளவு என்று போட்ட ஒரு மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கு என்று எடுத்ததுதான் அது. 2022-ல் வந்த ஆய்வு இன்னும் நம்பகமானது. பல நாட்டு மீனவர்களை நேரில் கேட்டுக் கணக்கிட்டார்கள். பயன்பாட்டில் உள்ள கருவிகளில் ஏறக்குறைய 2 சதவீதம் வருஷாவருஷம் தொலைகிறது. செவுள் வலை மட்டும் எடுத்தால் 2,963 சதுர கிலோமீட்டர். நம்ம தேசியப் பூங்காவை ஐந்து தடவை மூடுகிற அளவு.

நம்ம பக்கத்தில் ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன்னால் வலை என்றால் பருத்தி நூல். பட்டைச் சாயத்தில் தோய்த்து, காயவைத்து, கிழிந்ததைத் தைத்து, பொன்போலப் பார்த்துக்கொள்வார்கள். கடலில் தொலைந்தால் சில மாதத்தில் மக்கிவிடும். பிறகு நைலான் வந்தது. லேசு, உறுதி, மக்காது, மீனுக்குக் கண்ணில் படாது. மீனவர் வாழ்க்கையில் அது பெரிய வரம். அதே குணங்கள்தான் வலை கையைவிட்டுப் போன பிறகு பிரச்சினை ஆகின்றன. வலைக்குத் தன் முதலாளி போய்விட்டார் என்று தெரியாது. அது பிடித்துக்கொண்டே இருக்கும். ஒரு மீன் சிக்கிச் சாகும், அதைத் தின்ன நண்டு வரும், நண்டும் சிக்கும், அதைத் தேடி இன்னொன்று. ஆங்கிலத்தில் இதைப் பேய் வலை என்று சொல்லும் வழக்கம் நம்ம செய்திகளிலும் வந்துவிட்டது. பெயர் கொஞ்சம் சினிமாத்தனம்தான், ஆனால் பொருந்துகிறது.

"மீனவர்களே கடலைக் குப்பையாக்குகிறார்கள்" என்று கமெண்ட் போடுவதற்கு முன்னால் வலை ஏன் தொலைகிறது என்று பார்க்கணும்.

முதல் காரணம், பாரில் மாட்டிக்கொள்வது. நாட்டுப்படகில் போகிறவர்கள் பாரின் ஓரத்தில்தான் வலை விரிப்பார்கள், ஏனென்றால் விளைமீனும் களவாவும் ஓராவும் அங்கேதான் இருக்கும். நீரோட்டம் திரும்பினால் வலை போய்ப் பவளத்தில் சிக்கும். இழுத்தால் ஒன்று பவளம் உடையும், இல்லை வலை கிழியும். பெரும்பாலும் ரெண்டும் நடக்கும். கையில் வந்தது வரட்டும் என்று மீதியை விட்டுவிட்டு வருவார்கள். வேணும்னு விடுவதில்லை.

ரெண்டாவது, விசைப்படகின் இழுவை மடி. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையில் இருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகுகள் மடி இழுக்கக் கூடாது. நடைமுறையில் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வரும்போது, அடியில் விரித்து வைத்திருக்கும் நண்டு வலையையும் செவுள் வலையையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போய்விடும். காலையில் போய்ப் பார்த்தால் மிதப்புக்கட்டை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும், அல்லது அதுவும் இருக்காது. ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் நாட்டுப்படகு மீனவர்களுக்கும் விசைப்படகு மீனவர்களுக்கும் நடக்கும் தகராறுகளில் பல இந்த வலை அறுப்பால் வருவதுதான்.

பாக் நீரிணைப் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. இலங்கைக் கடற்படை துரத்தும்போது வலையை வெட்டிவிட்டுத் தப்பி வந்தோம் என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அந்தச் செய்தியில் படகு கரைக்கு வந்துவிடும். வெட்டிய வலை எங்கே போச்சு என்று யாரும் அடுத்த வரி எழுதுவதில்லை.

வேண்டுமென்றே போடுவதும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. குறிப்பாக நண்டு வலை. மெல்லிய நரம்பு இழையில் செய்தது. நண்டு தன் கொடுக்கால் கிழித்துக் கிழித்து சில மாதங்களிலேயே அது உதவாமல் போகும். கரைக்குக் கொண்டுவந்தால் அதை என்ன செய்வது? எடைக்கு வாங்க ஆளில்லாத ஊரில் எரிக்கலாம், கடற்கரையிலேயே குவிக்கலாம். குவித்தது அடுத்த புயலில் திரும்பக் கடலுக்கே போகும்.

வலை என்பது மீனவருக்குச் செலவு. நிறைய நாட்டுப்படகுக்காரர்கள் வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் வலை வாங்குகிறார்கள், அதற்குப் பதிலாகப் பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்கிறார்கள். ஒரு வலை தொலைந்தால் அந்தக் கடன் இன்னும் கொஞ்சம் நீளும். தொலைந்த அதே வலை அவர் நாளைக்குப் பிடிக்க வேண்டிய மீனையும் கொன்றுகொண்டிருக்கும். இந்த விஷயத்தில் முதலில் நஷ்டப்படுகிறவர் மீனவர்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் போடுகிற எந்தத் திட்டமும் கரையோடு நின்றுவிடும்.

பவளத்துக்கு என்ன ஆகிறது?

பவளம் பார்க்கத்தான் கல். உள்ளே உயிர். சின்னச் சின்ன உயிரிகள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கும். அது வெயிலில் சமைத்துத் தருகிற சாப்பாட்டில்தான் பவளத்தின் பெரும்பாலான பிழைப்பு. மேலே வலையோ பையோ விழுந்தால் முதலில் வெயில் போகும், சாப்பாடு போகும். அடுத்து, அலைக்கு அலை வலை ஆடும். நைலான் இழை அரம் மாதிரி மேல்தோலை அறுக்கும். அறுபட்ட இடத்தில் கிருமி ஏறும். நம்ம காலில் செருப்பு கடித்த புண்ணில் சேறு படுகிற மாதிரி.

2018-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு இதை எண்ணில் காட்டியது. ஆசிய பசிபிக் பகுதியில் 159 பவளத்திட்டுகளில் 1 லட்சத்து 24 ஆயிரம் பவளங்களைப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் படாத பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதம். பட்டால் 89 சதவீதம். ஜோலியா லேம்ப் என்ற ஆய்வாளர் தலைமையில் நடந்தது. பிளாஸ்டிக்தான் நோயைக் கொண்டுவந்தது என்று இந்த எண் மட்டுமே நிரூபித்துவிடாது. குப்பை அதிகம் உள்ள இடத்தில் சாக்கடையும் அதிகமாக இருக்கலாம். ஆனாலும் நாலுக்கும் எண்பத்தொன்பதுக்கும் நடுவே உள்ள தூரம் சும்மா தள்ளிவிடக்கூடியது இல்லை. கிளை கிளையாக, மான்கொம்பு மாதிரி வளரும் பவளங்கள் பிளாஸ்டிக்கை மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு மற்றவற்றைவிட எட்டு மடங்கு என்றும் அதே ஆய்வு சொன்னது. மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்வது அந்தக் கிளைகளுக்குள்தான் என்பது கூடுதல் தகவல்.

பெரிய துண்டு உடைந்து சின்னத் துண்டாகி, அது நுண்பிளாஸ்டிக் ஆகும். அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது. தூத்துக்குடி உப்பில்கூட நுண்பிளாஸ்டிக் இருப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன என்பதோடு இங்கே விட்டுவிடலாம்.

பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் பாதுகாப்பு இல்லையா?

தேசியப் பூங்கா என்ற சட்டம் ஆளைத் தடுக்கும். வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் இறங்க முடியாது, பவளத்தையோ கடல் அட்டையையோ எடுத்தால் வழக்கு. வேட்டையைத் தடுக்க, வெட்டி எடுப்பதைத் தடுக்க அந்தச் சட்டம் நன்றாகவே வேலை செய்தது. பவளம் வெட்டுவது நின்றதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் குப்பை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வருவதில்லை.

முதலில் சொன்ன அந்த மூன்றரை பாகம், ஐந்து பாகம் கணக்கு இங்கே வருகிறது. எல்லைக்கோட்டுக்கு வெளியே மீன்பிடிக்கலாம். சட்டப்படி சரிதான். வெளியே ஆறு பாகத்தில் அறுபட்ட வலை ஒரு நீரோட்டத்தில் உள்ளே வந்துவிடும். அதோடு, பாதுகாப்பான இடத்தில் மீன் பெருகும், பெருகியது எல்லை தாண்டி வெளியே வரும், அதைப் பிடிக்க எல்லையை ஒட்டியே வலைகள் வரிசை கட்டும். இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. 2023-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு 14 நாடுகளில் 84 பவளத்திட்டுகளைப் பார்த்தது. 77-ல் குப்பை இருந்தது, மனிதர் யாரும் வசிக்காத பசிபிக் தீவுகள் உட்பட. பெரிய பிளாஸ்டிக்கில் முக்கால் பங்கு, சரியாகச் சொன்னால் 73 சதவீதம், மீன்பிடித் தொழிலில் இருந்து வந்தது. பாதுகாக்கப்பட்ட கடல் பகுதிகளுக்குப் பக்கத்தில் குப்பை அதிகமாக இருந்தது என்பது அந்த ஆய்வாளர்களே எதிர்பார்க்காத முடிவாக இருந்திருக்கும்.

இன்னொரு முரணும் உண்டு. உள்ளே இருக்கும் வலையை எடுக்க யாராவது நல்ல மனசோடு இறங்கினாலும், அவருக்கும் அனுமதி வேணும். விதி சரியானதுதான். ஆர்வக் கோளாறில் ஆளாளுக்கு இறங்கி இழுத்தால் வலையோடு பவளமும் பெயர்ந்து வரும். ஆனால் அந்த அனுமதியை விரைவாகக் கொடுக்க, பயிற்சி பெற்ற ஆட்களை வருஷம் முழுக்கத் தயாராக வைத்திருக்க ஓர் ஏற்பாடு தேவை. வலை காத்திருக்கும். பவளம் காத்திருக்காது.

எடுப்பது எவ்வளவு கஷ்டம்?

பார்க்கிற அளவு சுலபம் இல்லை. இழுக்கக் கூடாது, வெட்டணும். ஸ்கூபா டைவர் கத்தரியோ கத்தியோ வைத்துக்கொண்டு, இழை இழையாக அறுத்து, பவளம் உடையாமல் பிரிக்கணும். பல மாதம் கிடந்த வலையின் மேலேயே பவளம் வளர்ந்திருக்கும். அந்த இடத்தைத் தொடாமல் சுற்றிலும் மட்டும் வெட்டி எடுப்பதுதான் புத்திசாலித்தனம். தண்ணீர் கலங்கி இருந்தால் கையெட்டும் தூரம்கூடத் தெரியாது. வலையில் டைவரே சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு, அதனால் தனியாக இறங்கவே கூடாது. எடுத்த வலை தண்ணீரும் சிப்பியும் சேர்ந்து கல் கனம் கனக்கும். காற்றடைத்த பையைக் கட்டித்தான் மேலே தூக்குவார்கள். இத்தனையும் சிலிண்டரில் காற்று தீர்வதற்குள்.

நார்வே 1980-களின் தொடக்கத்தில் இருந்தே ஆண்டுதோறும் அரசுக் கப்பலை அனுப்பித் தொலைந்த வலைகளைத் தேடி எடுக்கிறது. அங்கே வலை தொலைந்தால் மீனவர் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். எந்த இடத்தில் தேடுவது என்று தெரிவதால் வேலை எளிதாகிறது. நம்ம ஊரில் ஒருவர் போய் 'சார், என் வலை பாரில் மாட்டிக்கிச்சு' என்று சொன்னால், எங்கே போட்டாய், எல்லைக்குள் ஏன் போனாய் என்ற கேள்வி முதலில் வருமோ என்ற பயம் இருக்கும். அந்தப் பயம் இருக்கும்வரை யாரும் சொல்ல மாட்டார்கள். தகவல் சொல்பவருக்கு வழக்கு இல்லை என்று ஓர் உத்தரவாதம், பைசா செலவில்லாத ஏற்பாடு இது.

ஆட்களுக்கும் நாம் வெளியே தேட வேண்டியதில்லை. தூத்துக்குடியிலும் கீழக்கரைப் பக்கத்திலும் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முத்துக்குளிப்பு 1960-களோடு முடிந்துபோனாலும் சங்கு குளிப்பு தொடர்கிறது. எந்தப் பார் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று வரைபடம் இல்லாமலே சொல்லக்கூடியவர்கள். வலை எடுக்கும் வேலைக்குக் கூலி கொடுத்து இவர்களைச் சேர்த்தால் இரண்டு பிரச்சினைக்கு ஒரே பதில். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல யோசனை இந்த விஷயத்தில் இல்லை.

என்ன நடக்கிறது, என்ன நடக்கலை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. 2022 ஜூலையில் நாடு முழுக்க ஒரு தடை. 2021-ல் 'மீண்டும் மஞ்சப்பை'. எல்லாமே வீட்டுக் குப்பையைப் பற்றியது. தடை எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது உங்கள் தெருமுனை டீக்கடையில் பார்சல் வாங்கினால் தெரிந்துவிடும். வலை இந்தப் பட்டியல் எதிலும் இல்லை. இருக்கவும் முடியாது, வலையைத் தடை செய்தால் சாப்பாடு ஏது?

கப்பலில் இருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் போடுவதை மார்ப்போல் சர்வதேச ஒப்பந்தம் 1988 முடிவில் இருந்தே தடுக்கிறது. உலக உணவு, வேளாண் அமைப்பு 2018-ல் மீன்பிடிக் கருவிகளுக்கு அடையாளம் இடுவது பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டாயம் இல்லை, விரும்பினால் பின்பற்றலாம். நம்ம படகுகளுக்கு நிறமும் எண்ணும் உண்டு. கடலடியில் கிடைக்கும் வலைத்துண்டைப் பார்த்து இது யாருடையது, எந்த ஊருடையது என்று சொல்ல அதில் ஒன்றும் இருப்பதில்லை. பிளாஸ்டிக் குறித்த உலக ஒப்பந்தத்துக்கான பேச்சு 2024 டிசம்பரில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடிவில்லாமல் கலைந்தது. அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

உருப்படியாக நடந்த ஒன்று பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 2017-ல் கேரளாவின் கொல்லம் மாவட்டம் நீண்டகரைத் துறைமுகத்தில் 'சுசித்வ சாகரம்' என்று ஒரு திட்டம். அதுவரை வலையில் மீனோடு வரும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலிலேயே போடுவது வழக்கம். இனிமேல் போடாதீர்கள், கரைக்குக் கொண்டுவாருங்கள் என்று மீனவர்களுக்குப் பை கொடுத்தார்கள். துறைமுகத்திலேயே கழுவி, காயவைத்து, துண்டாக்கும் எந்திரம் வைத்தார்கள். அந்த வேலைக்கு மீனவப் பெண்களை எடுத்தார்கள். துண்டாக்கியது சாலைக்குப் போனது. தாரில் பிளாஸ்டிக் கலந்து சாலை போடும் அந்த முறை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கியது என்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழ்நாட்டிலும் சென்னை காசிமேட்டில் பழைய வலைகளை மீனவர்களிடம் விலை கொடுத்து வாங்கும் முயற்சியை அரசு தொடங்கியிருக்கிறது. நைலான் வலையை உருக்கி மீண்டும் இழையாக்க முடியும், அதற்குச் சந்தையும் இருக்கிறது. ஆனால் காசிமேடு பெரிய துறைமுகம், லாரி வரும், கிடங்கு இருக்கும். வேம்பாரிலும் ஏர்வாடியிலும் கரையேற்றும் நாட்டுப்படகுகளுக்கு அருகில் அப்படி ஒன்று இருந்தால்தான் கிழிந்த நண்டு வலை கரைக்கு வரும். பத்து கிலோ வலைக்காக யாரும் டீசல் போட்டு இன்னொரு ஊருக்குப் போக மாட்டார்கள்.

மக்கும் வலை என்று ஒன்று தென்கொரியாவிலும் நார்வேயிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தொலைந்தால் சில ஆண்டுகளில் கடல் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல், விலை அதிகம், நார்வே சோதனைகளில் மீனும் குறைவாகவே விழுந்தது. அந்தக் குறைந்த மீனுக்கான நஷ்டத்தை யார் தருவார் என்பதற்குப் பதில் கிடைக்கும்வரை அது ஆய்வகத்துக் கதைதான்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். மடியைப் பிரித்து, கிழிந்த பாகத்தை வெட்டிப் போட்டு, புதுசு கோப்பது அந்த இரண்டு மாதத்தில்தான். எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் வெட்டிப்போட்ட பழைய வலைத்துண்டுகள் மூலைக்கு மூலை குவிந்திருக்கும். அது முடிந்து தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கத் தொடங்கும்போது அந்தக் குவியலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எவ்வளவு எடைக்குப் போனது, எவ்வளவு தண்ணீரில் இறங்கியது என்று எடை போட்டுப் பார்ப்பதற்கு ஒரு தராசும் ஒரு நோட்டும் போதும்.